கார்புரேட்டர் ஸ்குருவில் கை வைக்கும் முன்

செம்பனைத் தோட்டத்தில் மரத்தடி வட்டம் சுத்தமாக இல்லையென்றால் உதிரிப் பழம் புல்லுக்குள் மறைந்துவிடும். பொறுக்க ஆள் இருந்தும் பழம் கைக்குக் கிடைக்காது. மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் முதுகில் மாட்டும் புல்வெட்டு மெசினுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, மருந்து எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை. கிளைஃபோசேட் போன்றவை இன்னும் அடிக்கப்படுகின்றன. ஆனால் கோயில் வளாகம், தமிழ்ப்பள்ளித் திடல், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசல், இடுகாடு இங்கெல்லாம் புல்லைக் கருக்கி விட்டுவிட முடியாது, வெட்டத்தான் வேண்டும். குத்தகைக்குப் புல் வெட்டுகிறவருக்கு மெசின் ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போச்சு.

அந்த அவசரம்தான் பழுது பார்க்கும் முறையைக் கெடுக்கிறது. "அண்ணே, பவர் இல்ல, ஸ்குருவக் கொஞ்சம் பார்த்து விடுங்க" என்று மெசின் வந்து இறங்கும். கடைக்காரரும் ஸ்குருடிரைவரை எடுத்து அரைச் சுற்று திருப்புவார். சத்தம் கூடும், மெசின் பறக்கும், காசும் கைமாறும். இரண்டு வாரத்தில் அதே மெசின் பிஸ்டன் இறுகி, கயிறு இழுக்க வராமல் திரும்பி வரும். இப்படி வரும் மெசின்களில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் குற்றவாளியே அல்ல. வேறெங்கோ இருந்த கோளாறை ஸ்குரு கொஞ்ச நாள் மூடி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இளைத்த கலவை ஏன் கொல்கிறது

கார்புரேட்டர் காற்றோடு கலந்து கொடுக்கும் பெட்ரோல் குறைந்தால் அதுதான் இளைத்த கலவை. இந்த மெசின்களில் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக். இவற்றில் கிராங்க் அறைக்கென்று தனி எண்ணெய் கிடையாது. பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் கிராங்க் அறை வழியாகப் போகும்போது பேரிங்கையும் பிஸ்டனையும் நனைக்கிறது. ஆக, பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் சேர்ந்தே குறைகிறது. உள்ளே ஆவியாகும் பெட்ரோல் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் குளிர்ச்சியும் கூடவே குறைகிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடும் எஞ்சினில் நொடிக்கு 150 முறை வெடிப்பு நடக்கிறது. எண்ணெய் இல்லாமல், சூடும் ஏறி, அந்த வேகத்தில் ஓடினால் அலுமினியப் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் உரசி ஒட்டிக்கொள்ள அதிக நேரம் வேண்டாம்.

இதில் ஆளை ஏமாற்றும் விஷயம், கலவை இளைக்கும்போது எஞ்சின் முதலில் நன்றாக ஓடுவது போலத் தெரிவதுதான். சத்தம் கூர்மையாகும், புகை நிற்கும், ஆக்சிலேட்டரை அழுத்தினால் சட்டென்று எகிறும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவது இந்த நிலையில்தான்.

இறுகிப்போன பிஸ்டனைக் கழற்றியதும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அது பேசும். புகைக்குழாய்ப் பக்கம் மட்டும் செங்குத்தான கீறல் இருந்தால் சூடு, அதாவது இளைத்த கலவை அல்லது அடைபட்ட குளிர்விப்புத் தகடுகள். சுற்றிலும் கீறல் இருந்தால் பெட்ரோலில் எண்ணெயே இல்லை. யாரோ கேனை மாற்றி ஊற்றியிருக்கிறார்கள். காற்று உள்ளே வரும் பக்கத்தில் பாவாடைப் பகுதி பளபளப்பு போய் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது பிஸ்டன் கிட் போடுவது அதே காரணத்துக்கு இன்னொரு பிஸ்டனைக் கொடுப்பதற்குச் சமம்.

எண்ணெயும் பெட்ரோலும்

முதலில் பார்க்க வேண்டியது டேங்கில் உள்ளதை. ரோன் 95 பெட்ரோல் போதும். இவ்வளவு சின்ன எஞ்சினுக்கு ரோன் 97 ஊற்றினால் பவர் கூடிவிடாது. எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி அமெரிக்கக் காணொளிகளில் சொல்லும் பயமெல்லாம் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. நம் நாட்டில் கட்டாயமாகக் கலப்பது டீசலில், அதுவும் பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல். பெட்ரோலுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனாலும் நம் வெயிலில் கொட்டகைக்குள் கிடக்கும் பெட்ரோல் சீக்கிரம் கெடும். எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய், புளித்த வார்னிஷ் வாடை வரும். ஒரு மாதத்துக்கு மேல் கலந்து வைத்ததை மெசினில் ஊற்ற வேண்டாம்.

எண்ணெய் விகிதத்தில்தான் பெரிய குழப்பம். 25-க்கு 1 என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, 5 லிட்டருக்கு 200 மில்லி. 50-க்கு 1 என்றால் 1 லிட்டருக்கு 20 மில்லி, 5 லிட்டருக்கு 100 மில்லி. ஜாசோ எஃப்டி (ஜப்பானியத் தர முத்திரை) எண்ணெயும் 50-க்கு 1 என்று எழுதிய மெசினும் சேர்ந்தால் 50-க்கு 1 போடலாம். சாதாரண எண்ணெய், பழைய மெசின், அல்லது கையேட்டில் 25 என்று இருந்தால் 25-தான். புட்டியின் மேல் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி இருக்கிறதா என்று பாருங்கள். படகு எஞ்சினுக்கான டிசி-டபிள்யூ3 எண்ணெய் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்குச் செய்தது, காற்றால் குளிரும் புல்வெட்டு மெசினின் சூட்டுக்கு அது ஆகாது. காரிலிருந்து வடித்த பழைய எண்ணெயைக் கலப்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

புகை வருகிறதே என்று எண்ணெயைக் குறைப்பது இன்னொரு வழக்கம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணெயைக் கூட்டினால் அது பெட்ரோலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் எரியும் கலவை கொஞ்சம் இளைக்கிறது, குறைத்தால் கொழுக்கிறது. அதனால் விகிதத்தை மாற்றினால் டியூனையும் திரும்பப் பார்க்க வேண்டும். புகைக்கு மருந்து நல்ல எண்ணெய் வாங்குவது, குறைவாக ஊற்றுவது அல்ல.

தீப்பொறி

பிளக்கைக் கழற்றி, உலோகப் பகுதியை எஞ்சின் உடலில் தொடவைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடித்துக் கயிற்றை இழுங்கள். நீலப் பொறி தெரிய வேண்டும். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பொறி இல்லையென்றால், பொறியை உண்டாக்கும் காயிலை வாங்க ஓடுவதற்கு முன் ஒரு காரியம்: நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் வயரைக் காயிலிலிருந்து பிடுங்கிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். பொறி வந்தால் காயில் நல்லது, வயர்தான் எங்கோ உரிந்து உடலில் தொடுகிறது. முதுகில் மாட்டும் வகையில் இந்த வயர் வளையும் குழாயோடு சேர்ந்து நாள் முழுக்க வளைந்து நிமிர்கிறது. கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில்தான் பெரும்பாலும் உரியும்.

காயிலுக்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் நடுவே ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கொஞ்சம் தடித்த பெயர் அட்டை ஒன்றை நடுவில் வைத்து, காந்தம் இழுத்துப் பிடிக்கும்போது ஸ்குருவை இறுக்கினால் சரியாக வரும்.

குளிர்ந்திருக்கும்போது ஓடி, இருபது நிமிடத்தில் நின்று, ஆறியதும் மறுபடி ஓடும் மெசின் என்றால் இரண்டு சந்தேகம். நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்துவிட்டு இழுங்கள். உடனே ஓடினால் டேங்கின் காற்றுத் துளை அடைபட்டு உள்ளே வெற்றிடம் ஏறியிருக்கிறது. மூடி திறந்தும் ஓடாமல் பொறியும் இல்லாமல் இருந்தால், சூட்டில் செத்துப்போகும் காயில்.

அமுக்கமும் புகைக்குழாயும்

கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெசினைத் தூக்குங்கள். மெதுவாக, திக்கித் திக்கி இறங்கினால் அமுக்கம் இருக்கிறது. சர்ரென்று விழுந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. மீட்டர் உள்ளவர்கள் ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து ஐந்தாறு இழுப்பு இழுத்து அளக்கட்டும். 120 பிஎஸ்ஐக்கு மேல் நல்லது, 100-க்குக் கீழ் என்றால் திறந்து பார்க்க வேண்டிய நேரம். கார் மீட்டரை வைத்து அளந்துவிட்டு மெசினைக் குறை சொல்லாதீர்கள். அதன் நீளமான குழாய்க்குள் இருக்கும் இடமே 30 சிசி எஞ்சினுக்குப் பெரிய கூடுதல் அறை. வால்வு குழாயின் பிளக் முனையிலேயே இருக்கும் மீட்டர்தான் சரியாகக் காட்டும்.

ஐடிலில் அழகாக நிற்கிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால் புகைக்குழாயைக் கழற்றுங்கள். உள்ளே தீப்பொறி தடுக்கும் சின்னக் கம்பிவலை பல மாடல்களில் இருக்கும். மலிவு எண்ணெய்க் கரி அதை அடைத்துவிடும். வலையைத் தீயில் சுட்டுக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால் திறக்கும். சிலிண்டரின் புகைவாயிலும் கரி கட்டியிருக்கும். பிஸ்டன் அந்த வாயிலை முழுக்க மூடும்படி நிறுத்திவிட்டு மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். இரும்பு ஸ்குருடிரைவர் பிஸ்டனைக் கீறும். இவ்வளவு சின்ன வேலைக்காக ஸ்குருவைத் திருகித் திருகிப் பிஸ்டன் வரை கொண்டுபோனவர்கள் ஏராளம்.

திருட்டுக் காற்று

இதுதான் முக்கியம், பெரும்பாலான கடைகள் பார்க்காமல் விடுவதும் இதைத்தான். கார்புரேட்டருக்குப் பின்னால் எங்காவது காற்று உள்ளே நுழைந்தால், கார்புரேட்டர் என்ன அளந்து கொடுத்தாலும் கலவை இளைக்கும். நுழையும் இடங்கள்: கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட், சூட்டில் வெடிக்கும் பிளாஸ்டிக் இணைப்பு, கிராங்கின் இரு பக்கத்து ஆயில் சீல்கள், சிலிண்டர் அடி கேஸ்கெட்.

அறிகுறிகளைக் காதாலேயே பிடிக்கலாம். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டு நிற்கும். ஐடில் ஏறி இறங்கி அலையும், இன்றைக்கு வைத்த டியூன் நாளைக்கு நிற்காது. மெசினை ஒரு பக்கம் சாய்த்தால் வேகம் மாறினால் பேரிங் ஆடுகிறது, அதோடு சீலும் போயிருக்கும்.

உறுதிப்படுத்த அழுத்தச் சோதனைதான் வழி. புகைக்குழாயையும் கார்புரேட்டரையும் கழற்றி, இரண்டு வாயிலையும் ரப்பர் துண்டு வைத்து இறுக்கி அடையுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியாக 0.5 பார் காற்று ஏற்றுங்கள். இருபது விநாடி முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள், நுரை இடத்தைக் காட்டும். அதற்கென்ற பம்ப் இல்லாத கடையில், ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பம்பும் மீட்டருமே போதும். அதன் 300 என்ற எண் ஏறத்தாழ 0.4 பார்.

இதோடு விட்டுவிடக் கூடாது. ஆயில் சீலின் உதடு உள்பக்கம் பார்த்து இருப்பதால், உள்ளிருந்து காற்று தள்ளினால் அது இன்னும் இறுகிக்கொள்ளும், உறிஞ்சினால்தான் திறக்கும். எஞ்சின் ஓடும்போது இரண்டும் மாறி மாறி நடக்கிறது. அதனால் 0.5 பார் வெற்றிடம் வைத்தும் இருபது விநாடி பார்க்க வேண்டும். அழுத்தத்தில் தேறி வெற்றிடத்தில் தோற்கும் சீல்களே அதிகம். ஓடும் எஞ்சினில் பெட்ரோலோ கார்புரேட்டர் கிளீனரோ அடித்து ஒழுக்கைத் தேடுவது சில கடைகளில் நடக்கிறது. சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் அந்த வேலை கூடாது.

இப்போது கார்புரேட்டர்

வால்ப்ரோ வகைக் கார்புரேட்டரில் மிதவை கிடையாது. மெசினை எப்படிச் சாய்த்தாலும் ஓடுவதற்காக இரண்டு சவ்வுகள் இருக்கின்றன. கிராங்க் அறையின் துடிப்பில் ஆடும் பம்ப் சவ்வு டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. மற்றொன்றான அளவைச் சவ்வு எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்ப ஒரு சின்ன நெம்பை அழுத்தி ஊசி வால்வைத் திறக்கிறது. இந்தச் சவ்வு விறைத்துப்போனால் ஊசி போதிய அளவு திறக்காது. சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் ஓடுகிறது, திறந்தால் சாகிறது என்பது அதன் அடையாளம். சவ்வை எடுத்துக் காதருகே ஆட்டினால் காய்ந்த இலை போலச் சலசலக்கும். நல்ல சவ்வு சத்தமே போடாது.

சவ்வும் கேஸ்கெட்டும் உள்ள கிட்டை மாற்றும்போது அடுக்கு வரிசை முக்கியம். பெரும்பாலான வால்ப்ரோவில் அளவைச் சவ்வுப் பக்கம் முதலில் கேஸ்கெட், அதன்மேல் சவ்வு. பம்ப் பக்கம் முதலில் சவ்வு, அதன்மேல் கேஸ்கெட். கழற்றும்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள். நெம்பின் உயரம் மாடலுக்கு மாடல் வேறு, கண்ணால் வளைக்காதீர்கள். உயரமாக இருந்தால் பெட்ரோல் வழிந்து மூழ்கும், தாழ்வாக இருந்தால் இளைக்கும். பெட்ரோல் வரும் முனையில் 0.5 பார் ஏற்றினால் ஊசி பிடித்து நிற்க வேண்டும். ஜெட் துளைகளில் கம்பி விடாதீர்கள், கிளீனர் அடித்து ஊற விடுங்கள். கம்ப்ரசர் காற்றை நேராக அடித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ஒருவழி வால்வு பிய்ந்துவிடும். டேங்கிற்குள் கிடக்கும் ஃபில்டரையும், வெடித்த ரப்பர் குழாயையும் கூடவே மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் சரியான பின் டியூன். காற்று ஃபில்டர் சுத்தமாக, கத்தி அல்லது தங்சி (நைலான் கயிறு) தலை மாட்டிய நிலையில், எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். எல் (குறைந்த வேகம்), எச் (அதிக வேகம்) இரண்டு ஸ்குருவும் உள்ள வகையில், கையேடு கிடைக்காவிட்டால் இரண்டையும் மெதுவாக உள்ளே தொடும்வரை மூடி ஒரு சுற்றுத் திறந்து தொடங்குங்கள். இறுக்கி மூடினால் ஊசி முனையும் அதன் இருக்கையும் கெடும். ஐடிலில் எல் ஸ்குருவை இரு பக்கமும் நகர்த்தி வேகம் உச்சத்தில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு பங்கு சுற்று வெளியே திறந்து விடுங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் தயங்காமல் எகிற வேண்டும். தயங்கினால் இன்னும் சிறிது திறக்கலாம்.

எச் ஸ்குருவில்தான் உயிர் இருக்கிறது. முழு ஆக்சிலேட்டரில் அதைத் திறந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் சத்தம் உடைந்து தடதடக்கும். மெதுவாக மூடிக்கொண்டு வந்தால் அந்தத் தடதடப்பு மறைந்து வேகம் உச்சத்துக்கு ஏறும். அந்த உச்சத்தில் நிறுத்தாதீர்கள். திரும்பவும் எட்டில் ஒரு பங்கு திறந்து, வெறுமனே ஓடும்போது லேசாகத் தடதடத்து, புல்லில் வைத்துப் பாரம் ஏறியதும் சுத்தமாகும் இடத்தில் விடுங்கள். டேக்கோமீட்டர் இருந்தால் கையேட்டில் போட்டிருக்கும் உச்ச வேகத்தைத் தாண்டவே கூடாது.

கடைசியில் ஐடில் ஸ்குரு. நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 சுற்றுக்குள் வைத்தால் கத்தி அசையாமல் நிற்க வேண்டும். கிளட்ச் பிடிப்பது ஏறத்தாழ 4,000-ல். ஐடில் சரியாக இருந்தும் கத்தி சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். அந்த மெசினை அப்படியே திருப்பிக் கொடுக்கக் கூடாது. உருளை வால்வு வகைக் கார்புரேட்டர் என்றால் இந்த முறை பொருந்தாது. அதில் மெயின் ஜெட் மாறாதது, ஐடில் கலவைக்கு மட்டும் மூடிக்கு அடியில் ஓர் ஊசி உண்டு.

டியூன் நன்றாக இருந்தும் எஞ்சின் சூடேறிச் சாகிறது என்றால் தங்சி தலையைப் பாருங்கள். கல் தெறிக்காமல் தடுக்கும் மூடியைப் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தங்சிக் கயிற்றை அளவாக நறுக்கும் சின்னக் கத்தி அந்த மூடியில்தான் இருக்கிறது. மூடி போனால் கயிறு நீளும், காற்றில் இழுக்கும் பாரம் கூடும், எஞ்சின் தன் வேகத்தை எட்டாமல் முனகும், கிளட்ச் வழுக்கிக் கருகும். பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் சிலிண்டர் தகடுகளுக்கு நடுவே புல் சாறும் எண்ணெயும் சேர்ந்து களிமண்ணாக அடைந்திருப்பதையும் பார்க்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை குச்சியும் பிரஷ்ஷும் போதும். சூடான எஞ்சினில் தண்ணீர் அடிக்காதீர்கள். வளையும் குழாய்க்குள் சுற்றும் கேபிளுக்கும் கியர் தலைக்கும் ஏறக்குறைய 25 மணி நேர வேலைக்கு ஒரு முறை கிரீஸ் வேண்டும். காய்ந்த கேபிளின் இழுப்பையும் "பவர் இல்ல" என்றுதான் சொல்வார்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால்

ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்றவை வேறு கதை. எண்ணெய் தனி, பெட்ரோலில் எதுவும் கலக்கக் கூடாது. ஆனால் அதன் கொள்ளளவு வெறும் 100 மில்லி. கொஞ்சம் எரிந்து குறைந்தாலே ஆபத்து, அதனால் ஒவ்வொரு நாளும் மெசினைச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும். 10டபிள்யூ-30 சரி. ஸ்டார்ட் ஆகச் சிரமம், கயிறு பின்னால் இழுக்கிறது என்றால் கார்புரேட்டருக்கு முன் வால்வு இடைவெளியைப் பாருங்கள், எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு: ஜிஎக்ஸ்35-க்கு உள்வால்வு 0.08, வெளிவால்வு 0.11 மில்லிமீட்டர். திடல் வேலைக்கும் பம்புக்கும் ஓடும் ஜிஎக்ஸ்160-க்கு அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள்.

கத்தி கிராங்கிலேயே நேராக மாட்டிய தள்ளுவண்டி மெசின், கல்லிலோ மரவேரிலோ அடித்து நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகாமல் கயிற்றைக் கையிலிருந்து பிடுங்கினால், ஃபிளைவீலைக் கழற்றி, அதைக் கிராங்கோடு பிணைக்கும் சின்ன உலோகச் சாவியைப் பாருங்கள். கிராங்க் தப்பிக்கட்டும் என்றே அதை மெத்தென்ற உலோகத்தில் செய்திருக்கிறார்கள். பாதி வெட்டுப்பட்டாலும் பொறி விழும் நேரம் தவறிவிடும். சாவி சில ரிங்கிட்தான். இரும்புத் துண்டைத் தேய்த்து அதன் இடத்தில் செருகினால் அடுத்த கல்லுக்குக் கிராங்கே வளையும்.

தீபாவளி விடுமுறைக்கோ தொடர் மழைக்கோ மெசினை இரண்டு மூன்று வாரம் வைக்கப்போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்து, ஐடிலில் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். டூ-ஸ்ட்ரோக்காக இருந்தால் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்து, பிளக்கை மாட்டி வையுங்கள்.